இடது கால் ஷூவில் மஞ்சள்

சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் சிவந்துவிட்டது. சாதாரணச் சிவப்பு இல்லை, விரலை அறுத்துக்கொண்டவன் எடுத்துப் பிடித்த மாதிரி, இடது கால் ஷூவின் மூக்கிலிருந்து கயிறு கோக்கும் ஓட்டைகள் வரைக்கும் ஒரே சிவப்பு. இப்படி ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன ஆவணியில் மோகனும் கோகிலவாணியும் மாலையும் கழுத்துமாக இந்த வீட்டு வாசலில் வந்து நின்றபோது, என் தங்கை மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துத்தான் ஆரத்தியைச் சிவக்க வைத்தாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். மகன் கல்யாணத்தைப் பார்க்க அவன் அம்மா பாவாயி இல்லையே என்ற ஒரே நினைப்பில் நின்றேனே தவிர, தட்டில் நடந்தது மண்டையில் ஏறவில்லை. நாற்பது வருஷம் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்தவன் நான். எந்த வர்ணத்தில் எதைக் கலந்தால் எது வரும் என்று கரூரில் நாலு பட்டறைக்காரர்கள் இன்னமும் போன் போட்டுக் கேட்கிறார்கள். மொட்டை மாடிக் குழாயை மூடினேன். திறந்தேன். மூடினேன். தண்ணீர் விட்டால் சிவப்பு கொஞ்சம் பரவுகிறது, விடாவிட்டால் அங்கேயே நின்று என்னைப் பார்க்கிறது. மணி பதினொன்று. மருமகள் அஞ்சரைக்கு ஆபீஸ் விட்டு வந்துவிடுவாள். நாளை ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண்களுக்கு ஓட்டப் பந்தயம், அஞ்சு கிலோமீட்டர். அதில் ஓடுவதற்காக ரெண்டு மாசமாக விடியும் முன்பே எழுந்து மைதானத்துக்குப் போய் வந்தாள். போகப்போவதில்லை என்று இன்று காலையில் சொல்லிவிட்டாள். கறைக்காக என்று மோகன் நினைக்கிறான். கறைக்காக யாராவது ஓடாமல் இருப்பார்களா. மாமனார் வேண்டுமென்றே கொட்டினார் என்று அவள் நினைக்கிறாள். அப்படித்தான் நினைக்கிறாள். நினைக்காமல் எப்படி இருப்பாள்.

நினைப்பதற்கு நானே வழி செய்து கொடுத்தேன். திங்கட்கிழமை ஷூ பெட்டியில் வந்தது. பழையது குதிகாலைக் கடிக்கிறது என்று அதை அதற்கு முன்பே தூக்கிப் போட்டிருந்தாள். புதிதைப் பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளை, அப்படி ஒரு வெள்ளை, மேலெல்லாம் கொசுவலை மாதிரி துணி. "மாமா, எடையே இல்லீங்க, புடிச்சுப் பாருங்க. இதப் போட்டா அரை மணிக்குள்ள ஓடி முடிச்சிருவேன்" என்றாள். வந்து எட்டு மாசத்தில் அவளாக என்னிடம் அத்தனை வார்த்தை பேசியது அன்றைக்குத்தான். நான் பிடித்துப் பார்க்கவில்லை. அதைக் கூடத்து அலமாரியில், பாவாயி படத்துக்குக் கீழ்த் தட்டில் வைத்தாள். தரையே தொடாத ஷூ, அவளுக்கு அது செருப்பாகத் தோன்றியிருக்காது. எனக்குத் தோன்றியது. "செருப்பெல்லாம் நடைக்கு வெளியில வெச்சுக்கலாமே அம்மணி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். உரக்கச் சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும், மெதுவாகச் சொன்னது அப்படியே தங்கிவிட்டது. "சரீங்க மாமா" என்று எடுத்துக்கொண்டு போய் நிலைப்படிக்கு வெளியே வைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் நான் படிக்கு மஞ்சள் பூச உட்காரும் இடம் அதுதான். பாவாயி வெள்ளிதோறும் செய்த வேலை. அவள் போன ரெண்டு வருஷமாக நான் செய்கிறேன். ஆம்பளை படிக்கு மஞ்சள் பூசுவதை இந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை, அதனால் தெருவில் ஆள் நடமாடும் முன்பே முடித்துவிடுவேன். வந்த புதிதில் கோகிலா கேட்டாள், "நான் பூசட்டுங்களா மாமா?" "வேண்டாம் அம்மணி, நான் பாத்துக்கறேன்." ஏன் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. அந்தப் பத்து நிமிஷம் என் உள்ளங்கை பாவாயியின் உள்ளங்கை போன வழியில் போகிறது, மரத்தில் அவள் தேய்த்துத் தேய்த்து வழவழத்துப் போன இடம் ஒன்று இருக்கிறது, அங்கே வரும்போது கை தானாக மெதுவாகிறது. இதையெல்லாம் மருமகளிடம் சொல்ல முடியுமா. அவளுக்கு, படியைத் தொடாதே என்று கேட்டிருக்கும். அப்புறம் செருப்பை உள்ளே வைக்காதே. அப்புறம் மஞ்சள் கிண்ணம், ஷூ மேலேயே. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே அப்படித்தான் தெரிகிறது. நேற்று பூசி முடித்து எழுந்தபோது முட்டி பிடித்துக்கொண்டது, நிலையைப் பிடிக்கப் போனேன், முழங்கை பட்டுக் கிண்ணம் ஷூவில் கவிழ்ந்துவிட்டது. பந்தயத்துக்கு முன்னால் காலுக்கு ஓய்வு என்று அவள் நேற்று ஓடப் போகவில்லை. டீ டம்ளரோடு வெளியே வந்தாள். "பரவாயில்லீங்க மாமா" என்றாள். குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு முறை, "பரவாயில்லீங்க மாமா." பிறகு படியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், ஷூ இருந்த இடத்தைப் பார்த்தாள். மூணாவது தடவை சொன்னாள். முதல் ரெண்டையும் நான் நம்புகிறேன். அந்த மூணாவதுதான். நேற்றிலிருந்து அந்த மூணாவதை எத்தனை முறை காதுக்குள் திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டேன். இன்று காலை மோகன் சாப்பிட்டுக்கொண்டே, "கறையோட ஓடேன், அங்க எவன் உன் காலப் பாக்கப் போறான்?" என்றான். "மனசு இல்லீங்க, விடுங்க" என்றாள், அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "மாமா, இன்னும் ரெண்டு இட்லி வெக்கட்டுங்களா?" கோபப்பட்டிருந்தால் தேவலை. இட்லியை மறுக்கவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

பெயிண்டைக் கரைக்கிற தின்னர் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி மேடைக்கு அடியில், அரை லிட்டர் டப்பா, மூடி கூடத் துருப்பிடிக்கவில்லை. நான் யோசிக்கும் முன் கை போய் அதை எடுத்துவிட்டது. தின்னருக்குப் போகாத கறை உலகத்தில் இல்லை என்பது பட்டறைக்காரன் நம்பிக்கை. மூடியைத் திறந்தேன், அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பாவாயி செருப்பு வந்துவிட்டது. மோகன் அப்போது இடுப்புப் பிள்ளை. அவளுடைய புதுச் செருப்பில் என் பச்சைப் பெயிண்ட் ஒரு சொட்டு விழுந்துவிட்டது, நான் பெரிய வேலைக்காரன் இல்லையா, தின்னரைத் தொட்டுத் துடைத்துப் புதுசு போல ஆக்கி வைத்தேன். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் வைத்து அடி தனி, வார் தனி. சித்திரை மாசம். தார் ரோட்டில் வெறுங்காலோடு, பிள்ளையை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் நின்று நின்று வந்திருக்கிறாள். சாயங்காலம் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, பக்கத்தில் அந்த ரெண்டு துண்டையும் வைத்தாள். "ஏனுங்க, கறை போயிருச்சு பாருங்க. செருப்புந்தான் தொணைக்குப் போயிருச்சு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உள்ளங்காலைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை. பசை. தின்னர் பசையைத் தின்றுவிடும். இந்த ஷூ முழுக்கப் பசை, தையலே கண்ணில் படவில்லை. மூணாவது கிலோமீட்டரில் அடி கழன்று, பின்னால் வருகிறவள் அதை மிதித்து, கோகிலா குப்புற. மூடியைப் போட்டு இறுக்கினேன். "பெயிண்டரண்ணா, என்ன பண்ணீட்டிருக்கீங்க?" பக்கத்து மொட்டை மாடியில் லோகநாயகி, வடகம் காயப்போட வந்தவள். கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்தாள். "அய்ய, அது மருமக செருப்பா?" ஷூ என்றேன். "ஷூவுன்னா காலுக்குப் போடாம தலைக்கா போடறாங்க? பாவாயியக்கா செருப்ப ஒரு நாளாச்சும் இப்பிடித் தொடச்சிருப்பீங்களா?" "தொடச்சேன், பிஞ்சு போச்சு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் வடகத்துக்கு வந்த காக்கா பறந்தது. "மஞ்சள்ல சோப்புப் போட்டீங்களாக்கும்? உங்களுக்கு யாரு சொல்றது. எலுமிச்சம்பழத்தப் புழிஞ்சு உடுங்க, செவப்பு எறங்கீரும். மஞ்ச போவாது. மஞ்சளுக்கு மட்டும் மருந்தே இல்லீங்ணா." உள்ளே போய் ரெண்டு பழம் கொண்டுவந்து ஒவ்வொன்றாக வீசினாள். ஒன்றைப் பிடித்தேன், ஒன்று குழாயடிக்கு உருண்டது. பிழிந்தேன். தொட்ட இடத்தில் சிவப்பு கூச்சப்பட்டு ஒதுங்குகிற மாதிரி போய், பழைய மஞ்சள் வந்தது. அதைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நேற்று இதே மஞ்சளைப் பார்த்துத்தான் தலையில் கை வைத்தேன்.

மருந்தே இல்லை. மஞ்சள் போகாது. போகாது என்றால் போகாதா. போகாததாக இருந்தால் வெள்ளிக்கு வெள்ளி படிக்குப் பூசுவானேன். படி வேறு, அது கால் படுகிற இடம், தேய்கிறது. துணியில் பட்டது துணி இருக்கும் வரைக்கும் என்பார்கள். துணி, நூல், கயிறு. கயிறு. பாவாயி கழுத்துக் கயிறு. அவள் சாயப் பட்டறையில் துணி காயப்போடும் வேலைக்குப் பதினஞ்சு வருஷம் போனாள், காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் வெட்டவெளியில். சனிக்கிழமை ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு என் முன்னால் முதுகைக் காட்டி உட்காருவாள். "பொறத்தால கை எட்டல, மஞ்சளப் பூசி உடுங்க." தாலிக் கயிறு பின்கழுத்தில் மட்டும் வெளுத்துப் போயிருக்கும், பழைய துணித் திரி மாதிரி. முன்பக்கம் சேலைக்குள் கிடப்பது போன வாரம் பூசின மஞ்சளாகவே இருக்கும். "வெயிலு தின்னு போடுதுங்க" என்பாள். கழுத்து முழுக்கக் கறுத்து, கயிறு ஓடுகிற கோட்டில் மட்டும் அவளுடைய பழைய நிறம் ஒரு இழை. விரலில் மஞ்சளைத் தொட்டுப் பூசும்போது கூச்சத்தில் தோளைத் தூக்குவாள், இத்தனை வருஷம் பூசியும் அந்தக் கூச்சம் போகவில்லை. வெயில் தின்றுவிடும். சேலைக்குள் இருந்தது இருக்கும், வெயில் பட்டது போகும். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும். நான் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மருந்தைத் தேடுகிறேன், அது என் உச்சந்தலையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது.

ஷூவின் கயிற்றை உருவினேன். உள்ளே இருந்த மெத்தையை எடுத்தேன். வலது கால் ஷூவும் கூட இருக்கட்டும் என்று ரெண்டையும் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். காய்ந்தால் எலுமிச்சைத் தண்ணீர், காய்ந்தால் எலுமிச்சைத் தண்ணீர். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமே ஆகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் வெளுக்காது என்று திரும்பி நின்றேன், நின்றபடி எண்ணினேன், திரும்பினேன், அப்படியே இருந்தது. பஸ்ஸிலும் இப்படித்தான், வருஷக்கணக்கில் வெயிலில் நிற்கிற வண்டியில் எழுத்து வெளுக்கும், எப்போது வெளுத்தது என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. மூணாங் கிளாஸோடு நின்றவன் நான். எழுத்தை வர்ணத்தில்தான் படித்தேன். கரம் சிரம் புறம் நீட்டாதீர் என்று ரெண்டு வருஷம் எழுதிய பிறகுதான் சிரம் என்றால் தலை என்று தெரிந்தது, அதுவும் ஒரு கண்டக்டரிடம் கேட்டு. அதற்கப்புறம் கிழிந்த பேப்பர், பொட்டலம், எது கிடைத்தாலும் படிப்பேன். இவ்வளவு எழுத்து எழுதியவனுக்கு மருமகளிடம் சொல்ல ஒரு வரி வரவில்லை. நான் வேண்டுமென்றே செய்யவில்லை அம்மா. இது கோர்ட்டில் சொல்வது மாதிரி இருக்கிறது. நீ ஓடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இது அதைவிட மோசம், அவள் என்னிடம் அனுமதியா கேட்டாள். நீ ஓடப் போகிற காலையில் கேட் சத்தம் கேட்டதும் எனக்கும் விழிப்பு வந்துவிடுகிறது, நீ திரும்பி வந்து கேட்டைச் சாத்தும் வரைக்கும் டீ போடாமல் காத்திருக்கிறேன், உன் முகத்தில் வேர்வையும் ரத்த ஓட்டமுமாக வீட்டுக்குள் ஒரு ஆள் வருகிறது, ரெண்டு வருஷமாக இந்த வீட்டுக்குள் அப்படி ஒருத்தரும் வரவில்லை. இதுதான் உண்மை. இதை எந்த மாமனார் எந்த மருமகளிடம் சொல்லியிருக்கிறான். ரெண்டு மணிக்கு மஞ்சள் ஒரு பிடி இறங்கியிருந்தது. சோறு நினைவு வந்தது, போனால் வெயில் வீணாகும் என்று போகவில்லை. மூணு மணிக்கு மேற்கே இருக்கிற நாலு மாடிக் கட்டடத்தின் நிழல் வந்துவிட்டது. ஷூவைக் கிழக்கே நகர்த்தினேன். நிழலும் வந்தது. படிக்கட்டு அறைச் சுவரோரம் வைத்தேன். அங்கேயும் வந்தது. வெயில் மிச்சம் இருந்த ஒரே இடம் தண்ணீர்த் தொட்டி மேடை, அதற்கு ஒரு இரும்பு ஏணி. முட்டி வேண்டாம் என்றது. இடது கால் ஷூவை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். மேலே தொட்டியின் கறுப்புச் சூட்டில் சாய்ந்து உட்கார்ந்து, ஷூவை ரெண்டு கையாலும் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். மஞ்சள் இப்போது கஞ்சித் தண்ணீர் நிறம். வாயில் போட்டுப் பார்த்தால் உப்பு இருக்காது, அவ்வளவுதான். கீழே பார்த்தேன். ஏறும்போது இருந்த ஏணி வேறு, இது இரட்டிப்பாக நீண்டிருந்தது. முட்டியை மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. லோகநாயகியும் வடகத்தை மூடிவிட்டுப் போய்விட்டாள். விழுந்தால் யார் பார்ப்பார்கள். மருமகள் பார்ப்பாள். அவளுடைய ஷூவோடு விழுந்து கிடந்தால் அதற்கு அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வாள். இறங்கக் கூடாது. வெயில் இருக்கும் வரை இருப்போம் என்று எனக்கு நானே சொன்னேன்.

அவள் நாலரைக்கே வந்துவிட்டாள். கீழே "மாமா?" என்று கூடத்தில் ஒரு குரல், சமையல்கட்டில் ஒன்று, பிறகு கொஞ்சம் பயந்து படிக்கட்டில் ஒன்று. மொட்டை மாடிக்கு வந்து சுவர்மேல் ஒற்றையாக நின்ற வலது ஷூவைப் பார்த்தாள், எலுமிச்சைத் தோலைப் பார்த்தாள், அப்புறம்தான் நிமிர்ந்தாள். "மாமா! அங்க என்ன பண்றீங்க?" "வெயில் இங்கதான் இருக்குது அம்மணி" என்றேன். கையில் இருப்பதைக் கண்டு, "அய்யோ, அதப் போயி நீங்க எதுக்குங்க கையில... கீழ எறங்குங்க மொதல்ல" என்று ஓடிவந்து ஏணியைப் பிடித்தாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த வரிகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "நான் வேணும்னு கொட்டல அம்மணி" என்றேன். "முட்டி புடிச்சுக்கிச்சு." இல்லை என்று சொல்வாள், அப்படியெல்லாம் நினைக்கவில்லை என்பாள் என்று எதிர்பார்த்தேன். "நெனச்சேனுங்க மாமா" என்றாள். "நேத்துப் பூராம் நெனச்சேன். இன்னிக்கு ஆபீஸ்ல உக்காந்தும் அதேதான். மாமாவுக்கு நான் ஓடறது புடிக்கல, படிகிட்டப் போனாப் புடிக்கல, எதுவுமே புடிக்கலையாட்டம் இருக்குதுன்னு." எனக்குக் கோபம் மாதிரி ஒன்று வந்தது. "புடிக்காமயா இதத் தூக்கிட்டு இங்க வந்து உக்காந்திருக்கறேன்?" என்றேன். அவள் என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள், லுங்கி, பனியன், கருகின தலை, கையில் ஷூ. முகம் ஒரு மாதிரிப் போய், அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். "ஷூவ இப்பிடிப் போடுங்க மாமா." கீழே விழுந்தால் அழுக்காகும் என்றேன். "அது ரோட்டுல ஓடற ஷூங்க!" போட்டேன். பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "கொஞ்சம் இருக்குது" என்றேன். "இருக்கட்டுங்க" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். "எறங்க வரல அம்மணி" என்றேன், அதையும் ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன். "திரும்பிக்குங்க. தொட்டியப் பாத்துட்டே வாங்க, என்னப் பாக்காதீங்க." திரும்பி ஒரு காலைத் தொங்கவிட்டேன், அது காற்றில் படியைத் தேடியது. கீழிருந்து ஒரு கை என் குதிகாலைப் பிடித்தது. காலை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டேன். "கால உடு அம்மணி, கால எல்லாம் தொடாத." "காலையில இருந்து என்ற செருப்ப மடியில வெச்சிருந்தீங்கல்ல? பேசாம வாங்க மாமா." கையை எடுக்கவில்லை, பாதத்தைக் கொண்டுபோய்க் கம்பியில் வைத்து அழுத்தினாள். "ஒண்ணு." கம்பி சுட்டது. அவள் கை சில்லென்று இருந்தது. "பந்தயம் ஆறு மணிக்குங்க. அஞ்சே காலுக்கு அங்க இருக்கோணும். உங்க மகன் எந்திரிக்க மாட்டாரு." என் ரெண்டாவது கால் இன்னும் மேலேயே இருந்தது. "நான் எந்திரிச்சிருவேன்" என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னேன். "அப்பச் செரி" என்றாள். "இன்னொரு காலக் குடுங்க." கொடுத்தேன்.